சுண்டினால் சொல்லிவிடும்

ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்தை விரல் நுனியில் நடுவாக நிறுத்தி, பென்சிலால் அதன் விளிம்பை மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒரு ஓசை கிளம்பும். காதருகே கொண்டுபோனால் அது இழைந்து இழைந்து தேய்வது கேட்கும். ஈயம் கலந்த போலியைத் தட்டினால் ‘டொக்’கென்று அங்கேயே அடங்கிவிடும். காசைச் சுண்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் இந்த வித்தியாசத்தில் பிறந்ததுதான்.

தட்டியதும் நாணயம் மணியைப் போல அதிர்கிறது. விளிம்பில் எதிரெதிரான இரண்டு பக்கங்கள் மேலே வளையும்போது மற்ற இரண்டு பக்கங்கள் கீழே வளைகின்றன. அடுத்த நொடித்துளியில் அப்படியே மாறுகின்றன. இந்த அசைவில் நடுப்பகுதி அசையாது. அதனால்தான் நடுவில் விரல் இருந்தும் ஓசை அமுங்குவதில்லை. ஓரத்தில் பிடித்துத் தட்டினால் நல்ல வெள்ளியும் ஊமையாகிவிடும்.

ஓசை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை உலோகத்தின் உட்புறம் தீர்மானிக்கிறது. வெள்ளியின் அணு அடுக்குகள் வளைந்தாலும் பழைய நிலைக்கே திரும்பி வருகின்றன, அதிர்வின் ஆற்றல் வீணாவது குறைவு. ஈயத்தின் கதை வேறு. அது 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அப்படிப்பட்ட உலோகத்துக்கு நம் அறையின் வெப்பமே அதிகம்தான். அணு அடுக்குகள் எளிதில் வழுக்குகின்றன, அதிர்வு உடனே வெப்பமாகிக் கரைந்துவிடுகிறது.

சரி, கணீரென்று ஒலித்தால் வெள்ளி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. செம்பும் வெண்கலமும்கூட அழகாகவே ஒலிக்கும். அடுத்த சாட்சியாகத் தண்ணீரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒரு பொருளின் எடையை அதன் கன அளவால் வகுத்தால் வருவது அடர்த்தி. கன சென்டிமீட்டருக்குத் தங்கம் 19.3 கிராம், வெள்ளி 10.5, ஈயம் 11.3, செம்பு 9-க்குச் சற்றுக் குறைவு. நாணயத்தில் மேடும் பள்ளமுமாக உருவங்கள் இருப்பதால் அதன் கன அளவை அளவுகோல் வைத்துக் கணக்கிட முடியாது. ஆனால் தண்ணீர் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் போதும்.

நான் செய்யும் விதம் இது. பிரிட்டனின் சவரன் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 22 காரட், எடை 7.99 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முதலில் நாணயத்தை நிறுத்துக் குறித்துக்கொள்கிறேன். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குகிறேன். மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, தம்ளரின் அடியையும் பக்கங்களையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறேன். தராசு இப்போது 0.45 அல்லது 0.46 காட்டும். நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை அது. தண்ணீரின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்று என்பதால் கன அளவும் அதே எண்தான். 7.99-ஐ அதால் வகுத்தால் விடை 17.4-க்கும் 17.8-க்கும் நடுவே வரும். செம்பு கலந்த 22 காரட் தங்கத்துக்கு வரவேண்டிய எண் 17.6-ஐ ஒட்டியது, பொருந்துகிறது. இதே எடையில் தங்க முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் தராசு 0.9-ஐத் தாண்டியிருக்கும். நாணயத்தில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள்தான் இங்கே பெரிய எதிரி. தண்ணீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் விட்டால் குமிழிகள் ஒட்டாது.

போலி செய்பவர்களில் கெட்டிக்காரர்கள் டங்ஸ்டன் என்ற உலோகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் அடர்த்தி 19.25. அசல் தங்கத்துக்கு அவ்வளவு நெருக்கம்! 24 காரட் நாணயத்துக்குள் டங்ஸ்டனை வைத்து மேலே தங்கம் போர்த்திவிட்டால் தண்ணீர் சோதனை ஏமாந்துபோகும். 22 காரட் நாணயத்தில் மட்டும் இந்த வேலை அப்படியே பலிக்காது, ஏனென்றால் டங்ஸ்டன் அந்தக் கலவையைவிட அடர்த்தி கூடியது. நம் சவரன் கணக்கில் 0.45-க்குப் பதில் 0.41 அல்லது 0.42 வந்து நிற்கும்.

டங்ஸ்டனைக் காட்டிக்கொடுப்பது திரும்பவும் ஓசைதான். அது தங்கத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பானது. அடர்த்தி ஒன்றாகவும் விறைப்பு வேறாகவும் இருக்கும்போது அதிர்வின் வேகம் மாறும், சுருதியும் மாறிவிடும். ஒரே வகை நாணயங்கள் எல்லாம் ஒரே சுருதிக் கூட்டத்தில்தான் ஒலிக்கும் என்பதால், கைப்பேசியின் மைக்கில் பதிவு செய்து அசலின் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெள்ளிக்குக் காந்தச் சோதனையும் உண்டு. வலுவான நியோடைமியம் காந்தத்தைச் சாய்த்துப் பிடித்த வெள்ளியின்மேல் விட்டால், சரசரவென்று விழாமல் தேனில் இறங்குவதுபோல இறங்கும். காந்தம் நகரும்போது வெள்ளிக்குள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி அந்த நகர்வையே எதிர்க்கின்றன. எல்லா உலோகங்களிலும் வெள்ளிதான் மிகச் சிறந்த மின்கடத்தி. ஆகவே எதிர்ப்பும் பலமாக இருக்கும். ஈயத்தில் காந்தம் கிட்டத்தட்ட வழுக்கிக்கொண்டே போய்விடும்.

செம்பு ஓசையிலும் காந்தத்திலும் தேறிவிடும், அடர்த்தியில் மாட்டிக்கொள்ளும். ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அளவாகக் கலந்தால் வெள்ளியின் அடர்த்தியைக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் அந்தக் கலவை ஒலிக்காது. ஒரு குணத்தை நகலெடுப்பது சுலபம். எடை, அளவு, அடர்த்தி, ஓசை, மின்கடத்தும் திறன் இத்தனையும் சேர்ந்து பொருந்தும் மலிவான உலோகம் இயற்கையில் இல்லை. அதனால்தான் ஒரே ஒரு சோதனையை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்று புதிதாக நாணயம் சேர்க்க வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மிகச் சிறிய நாணயங்களில் இந்தச் சோதனைகள் தடுமாறும். ஒரு கிராம் தங்க நாணயம் விலக்கும் தண்ணீர் 0.05 கிராம்தான், தராசு 0.01 பிசகினாலே விடை ஐந்தில் ஒரு பங்கு தவறிவிடும். முதலீட்டுக் கண்ணோடு பார்த்தாலும் அவை லாபமில்லை. சிறிய நாணயத்தை அச்சிடும் செலவு பெரியதற்கு ஆகும் செலவைவிட அவ்வளவொன்றும் குறைவில்லை. அந்தக் கூடுதல் விலை கிராம் கணக்கில் பார்க்கும்போது கனமாக ஏறும், விற்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பி வராது.

உலோகத்துக்காக வாங்கும் நாணயத்தின் விலை எடையையும் தூய்மையையும் பின்தொடரும். அரிய நாணயத்தின் விலை மேற்பரப்பில் இருக்கிறது. அச்சு வந்து அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளை விட்டுச் செல்கிறது. புது நாணயத்தை விளக்கடியில் மெல்லத் திருப்பினால் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுற்றுவது இந்தக் கோடுகளால்தான். ஒருமுறை தேய்த்தால் அவை போயே போய்விடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் வேதனையானது. சேர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு பழைய வெள்ளி நாணயம் நீலமும் பழுப்பும் பூத்திருந்ததைப் பார்த்து, அழுக்கு என்று நினைத்துப் பற்பசை போட்டுத் தேய்த்துவிட்டேன். அது அழுக்கே இல்லை. காற்றில் இருக்கும் துளியளவு ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகப் படிகிறது. படலத்தின் மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து, எண்ணெய் படிந்த தண்ணீரில் தெரிவதுபோல நிறம் காட்டுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என்று நிறம் மாறும். சீராகப் பூத்த அந்த நிறங்களுக்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தங்கம் கந்தகத்தோடு அப்படி எளிதில் சேராது; 22 காரட் நாணயத்தில் எப்போதாவது வரும் சிவப்புப் புள்ளி அதில் கலந்த செம்பின் வேலை.

பி.வி.சி. உறைகளில் நாணயங்களை வைக்காதீர்கள். நாளாக ஆக அந்தப் பிளாஸ்டிக் அமிலத்தைக் கசியவிடும். அது நாணயத்தில் கலந்துள்ள செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகப் படியும். பாலியஸ்டர் உறை நல்லது. நாணயத்தை எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். ரப்பர் வளையத்தையும் பக்கத்தில் விடவேண்டாம், ரப்பரைக் கெட்டியாக்கச் சேர்ப்பது கந்தகம்தான். காகிதத்தில் சுற்றி ரப்பர் வளையம் போட்டு வைத்த என் நாணயம் ஒன்றின் குறுக்கே இன்றும் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அதைத் தேய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.