நைட்ரைடிங் ஆன ஷாஃப்டை ஆசிடில் முக்குவதற்கு முன்

ஹார்டு குரோம் (தேய்மானம் தாங்கும் தடித்த குரோம் பூச்சு) போட்டு அனுப்பிய ஷாஃப்ட் ஒன்று மறுநாளே திரும்பி வந்தது. கிரைண்டிங் வீல் பட்டதும் குரோம் அப்பளம் போலப் பெயர்ந்திருந்தது. டேங்க் சூடு, கரண்ட், சல்பேட் அளவு எல்லாம் சரிதான். கடைசியில் ஒரு அரத்தை எடுத்துக் குரோம் ஏறாத முனையில் இழுத்தேன். கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கியது. ஷாஃப்டைக் கொடுத்தவருக்குப் போன் போட்டுக் கேட்டால், "ஆமாங்க, நைட்ரைடிங் பண்ணினதுதான், சொல்லலையா?" என்கிறார்.

நைட்ரைடிங் என்பது எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும் முறை. அமோனியா வாயுவில் 500 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைக்கும்போது நைட்ரஜன் எஃகுக்குள் இறங்குகிறது. மேலே சில மைக்ரான் தடிமனுக்கு இரும்பு நைட்ரைடு படிகிறது. இதுதான் நாம் சொல்லும் வைட் லேயர். எளிதில் நொறுங்கும், மேற்புறத்தில் நுண்துளைகளும் இருக்கும். துருவைக் கழற்றுவது போல ஆசிட் இதைக் கழற்றாது. நேரத்தைக் கூட்டினால் கறுப்புக் கரிதான் மிஞ்சும். போதாததற்கு ஹைட்ரஜனும் உள்ளே ஏறும். இவ்வளவு கடினமான பரப்புக்கு அது ஆகவே ஆகாது, விரிசல் விடும்.

அதனால் அந்த லேயரைக் கிரைண்டிங்கிலோ, பொடி அலுமினா பிளாஸ்டிங்கிலோ எடுத்துவிட வேண்டும். போனதா என்று பார்க்க, எண்ணெய் நீக்கிய இடத்தில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் ஒரு சொட்டு விடுவேன். செம்பு நிறம் ஏறினால் லேயர் போய்விட்டது. ஏறவில்லை என்றால் இன்னும் இருக்கிறது. அந்தச் செம்பை எமரியால் தேய்த்து எடுக்க மறக்காதீர்கள், அதன் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது.

அப்புறம் ரிவர்ஸ் கரண்டில் (ஷாஃப்டை பாசிட்டிவ் முனையில் இணைத்து) கிளீனிங். நிக்கல் என்றால் சிறிது நேர ஆசிட் டிப், உடனே வுட்ஸ் நிக்கல் ஸ்டிரைக், அதாவது பிடிப்புக்காக முதலில் போடும் மெல்லிய நிக்கல் பூச்சு (கரைசலில் லிட்டருக்கு நிக்கல் குளோரைடு 240 கிராம், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 120 மில்லி). குரோமுக்கு டேங்கிலேயே ரிவர்ஸ் எட்ச் (கரண்டைத் திருப்பி மேற்பரப்பை லேசாக அரிப்பது), அதுவும் கொஞ்ச நேரம்தான். நீண்டால் பழையபடி கரி. பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் உள்ளே ஏறிய ஹைட்ரஜன் வெளியேற, 190 டிகிரிக்குக் குறையாமல் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும் (baking). நைட்ரைடிங் சூடு இதைவிட மிக அதிகம் என்பதால் கடினம் குறையுமோ என்ற பயம் வேண்டாம்.

இத்தனை பாடும் படாமல் இருக்கவும் வழி உண்டு. பூச்சு வர வேண்டிய இடத்தில் நைட்ரைடிங்குக்கு முன்பே செம்பு பிளேட்டிங் போட்டு மறைத்துவிட்டால் நைட்ரஜன் அங்கே இறங்காது. ஆனால் அதை டிராயிங் போடும்போதே யாராவது யோசித்திருக்க வேண்டும். எங்கள் கையில் இருப்பது ஜாப் கார்டுதான். அதில் இப்போது "நைட்ரைடிங் உண்டா?" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். காலியாக வந்தால் அரம் வெளியே வரும்.