வணிகத்துக்கு எதற்கு வியூகம்?

சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசைப்படும் பொறியாளர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னார்கள். 'பிசினஸ் ஸ்ட்ராட்டஜி' என்பதற்கு எட்டுப் பக்கத்தில் பதினோரு இடத்தில் 'வணிக வியூகம்'. தேர்தல் செய்தியில் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல், வகுப்பறைக்கும் வந்துவிட்டது.

ஸ்ட்ராட்டஜி கிரேக்க வழி வந்தது. ஸ்ட்ராடோஸ் என்றால் படை; ஸ்ட்ராடெகோஸ், அதை நடத்தும் தளபதி. வணிகப் பாடத்தில் அது காலூன்றியது 1960-களில்.

மூலம் படைச்சொல்லாயிற்றே என்று தமிழிலும் ஒரு படைச்சொல்லைப் போட்டுவிட்டார்கள். வியூகம் என்பது அணிவகுப்பு. எந்தக் களம் என்று முடிவான பிறகு ஆட்களை நிறுத்தும் முறை. ஸ்ட்ராட்டஜியோ அதற்கு முந்திய கேள்வி: இந்தச் சண்டை நமக்கு வேண்டுமா? 1968-இல் தொடங்கிய இன்டெல், நினைவகச் சில்லு விற்று வளர்ந்த நிறுவனம். ஜப்பானியப் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாமல் 1985-இல் டிராம் (DRAM) என்ற அந்த நினைவகச் சில்லுத் தொழிலையே கைவிட்டு நுண்செயலிப் பக்கம் போனது. களத்தை விட்டே வெளியேறியதில் வியூகம் எங்கே இருக்கிறது? நல்ல பொருளைச் செய்து, ஆளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்றுதான் பொறியாளர்கள் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்கு இந்தச் சொல் தூபம் போடுகிறது.

'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறது குறள். ஆராய்ந்து பார்த்து முடிவுக்கு வருவது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இன்று 'வணிகச் சூழ்ச்சி' என்று பலகையில் எழுதினால் மோசடி வகுப்பு என்று நினைப்பார்கள். இலங்கையில் வழங்கும் மூலோபாயம் பொருளில் சரிதான். இங்குள்ள மாணவனுக்கு அதற்கே தனி விளக்கம் வேண்டும்.

மிஞ்சுவது உத்தி. 'யுக்தி'யின் திரிபு என்பார்கள், இருக்கட்டும். 32 உத்திகளைத் தொல்காப்பிய மரபியலே சொல்கிறது, அவ்வளவு காலம் இங்கே புழங்கிய சொல். அதை மலிவாக்கியது மொழிபெயர்ப்பாளர்கள்தான். டிப்ஸ் என்றாலும் உத்தி, டெக்னிக் என்றாலும் உத்தி. 'முடி உதிராமலிருக்க ஐந்து உத்திகள்' என்று எழுதித் தள்ளிவிட்டு, பெரிய விஷயத்துக்கு அந்தச் சொல் சின்னதாகத் தெரிகிறதே என்று வியூகத்தைத் தூக்கி வந்தார்கள். டிப்ஸுக்குக் குறிப்பு இருக்கிறது, டெக்னிக்குக்கு நுட்பம் இருக்கிறது. அவற்றை அங்கங்கே வைத்தால் உத்தி தன் இடத்துக்குத் தானே திரும்பும்.

பதினோரு இடத்திலும் 'வணிக உத்தி' என்று திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் 'வியூக உத்தி' என்று இருந்தது.