பேக்கப் டிரைவ்தான் போச்சு, சரி, ஒரிஜினல் எங்க?

டேட்டா ரெகவரி, அதாவது கெட்டுப்போன டிரைவ்ல இருந்து ஃபைலை மீட்டு எடுக்கற வேலைல இருக்கற எல்லாருக்கும் இந்த உரையாடல் மனப்பாடம். "சார், இது என் பேக்கப் டிரைவ், கை தவறி கீழ விழுந்துடுச்சு, இப்ப சொருகினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது." பேக்கப் தானேங்க போச்சு, ஒரிஜினல் லேப்டாப்ல இருக்கும்ல, புது டிரைவ்ல திரும்ப காப்பி போட்டுக்கோங்கன்னு சொன்னா கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம் மெல்ல, "இல்ல சார், லேப்டாப்ல இடம் பத்தல, அதான் எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டு அங்க அழிச்சிட்டேன்"னு வரும்.

எங்ககிட்ட வர்றவங்கள்ல பேக்கப்னா என்னன்னே தெரியாதவங்க கம்மிதான். பேக்கப் இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்தவங்கதான் ஜாஸ்தி, அதனாலதான் இதை எழுதறேன். ஒரு ஃபைல் ஒரே நேரத்துல ரெண்டு தனித்தனி இடத்துல இல்லன்னா உங்ககிட்ட பேக்கப் கிடையாது, அந்த ஒரு இடம் எவ்ளோ புதுசா இருந்தாலும், எவ்ளோ காஸ்ட்லியா இருந்தாலும்.

முதல்ல அந்த டிக் டிக் சத்தம் பத்தி சொல்லிடறேன், ஏன்னா அங்கதான் நிறைய பேர் இருக்கறதையும் கெடுத்துக்கறாங்க. ஹார்ட் டிஸ்க்குள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுத்து, இல்லன்னா 7200 சுத்து சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல, டேட்டாவைப் படிக்கற, எழுதற ஹெட் மிதக்கும், ஒரு தூசி அந்த இடைவெளியை விட பல மடங்கு பெருசு. விழுந்ததுல ஹெட் அடிபட்டிருந்தா ஒவ்வொரு தடவ நீங்க சொருகும்போதும் அது தட்டை சுரண்டலாம், சுரண்டின இடத்துல இருந்த டேட்டாவை எந்த லேபாலயும் எடுக்க முடியாது. அதனால சத்தம் கேட்டா கழட்டி வச்சிடுங்க. இன்னொரு போர்ட்ல போட்டுப் பார்ப்போம், விண்டோஸ்ல டிஸ்க்கை சரி பார்க்கற செக்டிஸ்க் ஓட்டிப் பார்ப்போம், ஃப்ரீ ரெகவரி சாஃப்ட்வேர் ராத்திரி முழுக்க ஓடட்டும், நெட்ல யாரோ சொன்னாங்கன்னு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல வச்சு எடுப்போம், இதெல்லாம் பண்ணி முடிச்சிட்டு கடைசியா எங்ககிட்ட வர்றப்ப எங்களுக்குப் பார்க்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

என்கிட்ட இருக்கறது எஸ்எஸ்டி, டேட்டாவை சிப்ல வைக்கற டிரைவ், சுத்தற பார்ட்டே கிடையாதுன்னு சிலர் நிம்மதியா இருக்காங்க. கீழ விழுந்தா தாங்கும், உண்மைதான். ஆனா எஸ்எஸ்டி போறப்ப பெரும்பாலும் சொல்லாம கொள்ளாம போகும், நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு பயாஸ்லயே (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதல்ல ஓடற புரோகிராம்) காட்டாது. இன்னொரு விஷயம், ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஃபைலை அழிச்சா அந்த இடத்துல வேற எதுவும் எழுதாத வரைக்கும் டேட்டா அங்கயேதான் இருக்கும், எங்க தொழில்ல பாதி அதை நம்பித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எஸ்எஸ்டில ட்ரிம்னு ஒண்ணு இருக்கு, நீங்க அழிச்ச உடனே இந்த இடம் இனி வேண்டாம்னு ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்கிட்ட சொல்லிடும், டிரைவ் தனக்கு நேரம் கிடைக்கறப்ப அதைத் துடைச்சிடும். அழிஞ்சதை எப்படியும் எடுத்துடலாம்ங்கற பழைய தைரியம் இப்ப செல்லாது.

இதுக்கு மேல என்க்ரிப்ஷன் வேற, அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டேட்டாவைப் பூட்டி வைக்கறது. இப்ப வர்ற நிறைய லேப்டாப், டேப்லெட்ல ஸ்டோரேஜ் போர்டோட சால்டர் பண்ணியே வருது, உள்ள இருக்கறது என்க்ரிப்ட் ஆகியிருக்கும், போர்டு செத்தா சிப்பைக் கழட்டி இன்னொண்ணுல படிக்கற வேலையெல்லாம் நடக்காது. விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டப் பண்ணும்போது டிவைஸ் என்க்ரிப்ஷன் நிறைய மெஷின்ல தானாவே ஆன் ஆகிடுது, ஆன் ஆனதே நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு நாள் பயாஸ் அப்டேட் முடிஞ்சு நீல ஸ்க்ரீன் வந்து 48 இலக்க ரெகவரி கீ கேக்கும்போதுதான் தெரியும். அந்தக் கீ அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லதான் இருக்கும், ஆனா லேப்டாப் வாங்கின அன்னைக்கு கடைக்காரர் அவசரத்துக்கு உருவாக்கின ஐடி எதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதைப் படிக்கறப்பவே அக்கவுண்ட்டுக்குள்ள போய் அந்த கீயை எடுத்து பேப்பர்ல எழுதி வச்சிடுங்க, அந்த லேப்டாப்புக்குள்ளயே நோட்பேட்ல சேவ் பண்ணி வைக்காதீங்க (சிரிக்காதீங்க, பண்றாங்க).

அடுத்தது சிங்க். என்னைக் கேட்டா இப்ப அதிகமா ஏமாத்தறது இதுதான். எனக்கு கிளவுட் இருக்கு சார், எல்லாம் தானா ஏறிடும்னு சொல்றாங்க. ஏறும், அதே மாதிரி தானா அழியவும் அழியும். சிங்க்கோட வேலையே எல்லா டிவைஸ்லயும் ஒரே மாதிரி வச்சுக்கறது, நீங்க டேப்லெட்ல ஒரு ஃபோல்டரை தூக்கினா அது லேப்டாப்லயும் போகும், கிளவுட்லயும் போகும், ஃபைல் கரப்ட் ஆனா கரப்ட் ஆனதுதான் எல்லா இடத்துக்கும் போய் உக்காரும். டேப்லெட் ஃபுல்லாயிடுச்சு, போட்டோ எல்லாம்தான் கூகுள் போட்டோஸ்ல இருக்கேன்னு அந்த ஆப்புக்குள்ளயே மொத்தமா செலக்ட் பண்ணி டெலிட் அடிச்சவங்க நிறைய. பேக்கப் ஆன போட்டோ 60 நாள் ட்ராஷ்ல இருக்கும், அதுக்குள்ள கவனிச்சா தப்பிச்சிங்க, ஆனா குடும்ப போட்டோவை யாரும் தினம் பார்க்கறதில்லையே, ஒரு விசேஷம் வந்து பழைய போட்டோ தேடறப்பதான் தெரியும். இடம் வேணும்னா அதே ஆப்ல இடத்தை காலி பண்றதுக்குன்னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஏற்கனவே மேல ஏறினதை மட்டும் டிவைஸ்ல இருந்து எடுக்கும். ஐபேட்ல ஐகிளவுட் போட்டோஸ்னா ஸ்டோரேஜ் ஆப்டிமைஸ் ஆன் பண்ணணும், கையால அழிச்சா எல்லா ஆப்பிள் டிவைஸ்லயும் அழியும், திரும்ப எடுக்க 30 நாள்தான்.

இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஆப்டிமைஸ் பண்ணி வச்சிருந்தா உங்க டிவைஸ்ல இருக்கறது சின்ன முன்னோட்டப் படம்தான், ஒரிஜினல் கிளவுட்ல. இப்ப மேக்ல டைம் மெஷின்ங்கற பேக்கப் வசதியை ஓட்டறீங்க, எல்லாம் பத்திரமா இருக்குன்னு நினைக்கறீங்க, ஆனா கிளவுட்ல மட்டும் இருக்கற ஃபைல் டைம் மெஷினுக்குள்ள வராது. ஒன்டிரைவ்லயும் அப்படித்தான், ஃபைல் பக்கத்துல மேகம் படம் இருந்தா அது உங்க டிஸ்க்ல இல்லன்னு அர்த்தம்.

டேப்லெட் கதை தனி. கம்ப்யூட்டர்ல ஃபைல் எங்க இருக்குன்னு பார்த்து காப்பி பண்ணலாம், டேப்லெட்ல நிறைய ஆப் தன்னோட டேட்டாவை தனக்குள்ளயே பூட்டி வச்சுக்கும். ஐபேட்ல படம் வரையறவங்க, கையால நோட்ஸ் எழுதறவங்க இதை நல்லா கவனிங்க. ஆப் ஏதோ மக்கர் பண்ணுது, அழிச்சிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணா சரியாயிடும்னு பண்ணுவாங்க, ஆப் சரியாயிடும், உள்ள இருந்த மூணு வருஷ வேலை மொத்தமா போயிடும், ஏன்னா அந்த மாதிரி ஆப்ல அழிச்சா உள்ள இருக்கற டாக்குமெண்ட்டும் சேர்ந்துதான் போகும். ஆஃப்லோட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது ஆப்பை மட்டும் தூக்கிட்டு டேட்டாவை விட்டு வைக்கும். எதுவா இருந்தாலும் அழிக்கறதுக்கு முன்னாடி ஆப்புக்குள்ள எக்ஸ்போர்ட் எங்க இருக்குன்னு தேடி எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சுக்கோங்க. ஐகிளவுட் பேக்கப் சார்ஜ்ல போட்டு, லாக் பண்ணி, வைஃபைல இருக்கும்போதுதான் தானா நடக்கும், ஃப்ரீயா கிடைக்கறது 5 ஜிபி, அது நிறைஞ்சதும் பேக்கப் நின்னுடும், வர்ற நோட்டிஃபிகேஷனை எல்லாரும் தள்ளி விட்டுட்டு வேலையைப் பார்க்கறோம். பேக்கப் நிறுத்தி 180 நாள் தாண்டினா பழைய பேக்கப்பும் அழிஞ்சிடலாம். கம்ப்யூட்டர்ல கனெக்ட் பண்ணி லோக்கலா எடுக்கறது எனக்குப் பிடிச்ச வழி, அப்படி எடுக்கும்போது என்க்ரிப்ட்ங்கற பெட்டியை டிக் பண்ணுங்க, இல்லன்னா சேவ் பண்ண பாஸ்வேர்டு, ஹெல்த் டேட்டா எல்லாம் வராது.

ஆண்ட்ராய்ட்ல கூகுள் பேக்கப் ஆன்ல இருக்கு, அதனால எல்லாம் இருக்கும்னு நினைக்காதீங்க. அது செட்டிங்ஸ், எஸ்எம்எஸ், கான்டாக்ட், ஆப் டேட்டா மாதிரி விஷயத்துக்கு. ஆப் டேட்டாலயும் அந்த தானியங்கி பேக்கப்ல ஒரு ஆப்புக்கு 25 எம்பிதான் கணக்கு, வேண்டாம்னு அந்த ஆப்பை உருவாக்கினவங்க முடிவு பண்ணிட்டா அதுவும் இல்ல. டவுன்லோட்ஸ்ல கிடக்கற பிடிஎஃப், வாய்ஸ் ரெகார்டிங் இதெல்லாம் நீங்களா கேபிள் போட்டு எடுத்தாதான் உண்டு.

சரி, என்னதான் பண்றது. 3-2-1ன்னு ஒரு கணக்கு இருக்கு, பீட்டர் க்ரோன்னு ஒரு போட்டோகிராஃபர் பிரபலப்படுத்தினது. மொத்தம் மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகை சாதனத்துல, ஒண்ணு வேற கட்டடத்துல. வீட்டுக்கு இதை எளிமையா எடுத்துக்கிட்டா லேப்டாப்ல ஒண்ணு, எக்ஸ்டெர்னல் டிரைவ்ல ஒண்ணு, கிளவுட்லயோ சொந்தக்காரங்க வீட்ல ஒரு டிரைவ்லயோ ஒண்ணு. விண்டோஸ்ல ஃபைல் ஹிஸ்டரி, மேக்ல டைம் மெஷின், ரெண்டும் சிஸ்டத்தோடயே வருது, காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கித்தான் ஆகணும்னு இல்ல. எத்தனை நாளைக்கு ஒரு தடவ எடுக்கணும்னு கேட்டா, எத்தனை நாள் வேலை போனா பரவால்லன்னு நீங்களே சொல்லுங்க, அதுதான் கணக்கு.

எக்ஸ்டெர்னல் டிரைவை எப்பவும் சொருகியே வைக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்கற வைரஸ் உள்ள வந்தா கனெக்ட் ஆகி இருக்கற எல்லா டிரைவையும் பூட்டும், விண்டோஸ் தானா எடுத்து வைக்கற பழைய நகலான ஷேடோ காப்பியையும் தேடி அழிக்கும். 2017 ஜூன்ல நாட்பெட்யாங்கற வைரஸ் வந்தப்ப மெர்ஸ்க்னு உலகத்துலயே பெரிய கப்பல் கம்பெனில ஒண்ணு, அவங்களோட டொமைன் கண்ட்ரோலர் (யார் யார் நெட்வொர்க்குள்ள வரலாம்னு பார்க்கற சர்வர்) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சிங்க்ல இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு நம்பியிருந்தாங்க, எல்லாம் ஒரே நேரத்துல காலி, கானா நாட்டுல இருந்த ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பிச்சுச்சு. காரணம் என்ன தெரியுமா, அந்த நேரம் அங்க கரண்ட் கட்! அதை வச்சுத்தான் திரும்ப எழுந்தாங்க. நீங்க கரண்ட் கட்டை நம்ப வேண்டாம், காப்பி முடிஞ்சதும் டிரைவைக் கழட்டுங்க, போதும். ரெய்டு போட்ட நாஸ் (ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்ல வைக்கற, நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ் பெட்டி) இருக்குன்னு சொல்றவங்களுக்கும் இதேதான், ரெய்டு ஒரு டிஸ்க் போனா ஓட வைக்கும், நீங்க அழிச்சதை ரெண்டு டிஸ்க்லயும் ஒழுங்கா அழிக்கும்.

கிளவுட் பேக்கப் ஆரம்பிக்கறவங்க முதல் தடவ பொறுமையா இருக்கணும். 1 டிபி (ஆயிரம் ஜிபி) டேட்டா, வினாடிக்கு 10 மெகாபிட் அப்லோட் வேகம்னா விடாம ஓடினாலே ஒன்பது நாளுக்கு மேல ஆகும், பாதில லேப்டாப் ஸ்லீப்புக்குப் போச்சுன்னா இன்னும் இழுக்கும். அதனால எது திரும்பக் கிடைக்காதோ அதை முதல்ல ஏத்துங்க, நெட்ல திரும்ப டவுன்லோட் பண்ணக்கூடிய படம், பாட்டு, சாஃப்ட்வேர் எல்லாம் கடைசில போகட்டும்.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ரெண்டையும் காப்பி பண்ணிட்டா முடிஞ்சதுன்னு நினைக்கறதும் சகஜம். ஒரு சின்ன கம்பெனில அப்படித்தான் வாராவாரம் ஒழுங்கா எடுத்துக்கிட்டு இருந்தாங்க, டிஸ்க் போனப்ப பார்த்தா பில்லிங் சாஃப்ட்வேரோட டேட்டா சி டிரைவ்ல வேற ஒரு ஃபோல்டர்ல இருந்திருக்கு, அது ஒரு வாரம் கூட காப்பி ஆகல. அவுட்லுக் மெயில் எல்லாம் இருக்கற பிஎஸ்டி ஃபைல், பிரவுசர் புக்மார்க், ஓடிபி வர்ற ஆதென்டிகேட்டர் ஆப்போட ரெகவரி கோடு, இதெல்லாம் எங்க இருக்குன்னு ஒரு தடவ உக்காந்து பாருங்க.

எடுத்த பேக்கப் திறக்குதான்னு பார்க்கறதுதான் யாருமே பண்ணாத வேலை. பெரியவங்களே கோட்டை விட்டிருக்காங்க, 2017 ஜனவரி 31ல கிட்லேப்னு சாஃப்ட்வேர் கோடை சேமிச்சு வைக்கற சேவை நடத்தற கம்பெனில ஒரு எஞ்சினியர் தவறான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டாரு, சரி பேக்கப்ல இருந்து எடுப்போம்னு போனா தினம் ஓடறதா நினைச்ச பேக்கப் சாஃப்ட்வேர் வெர்ஷன் பொருந்தாததால ஓடவே இல்ல, ஓடலன்னு வர வேண்டிய எச்சரிக்கை மெயிலும் வந்து சேரல. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையோட நகல்) இருந்ததால தப்பிச்சாங்க. நீங்க மாசத்துக்கு ஒரு தடவ பேக்கப்ல இருந்து ஏதோ ஒரு ஃபோல்டரை வேற மெஷின்ல எடுத்துத் திறந்து பாருங்க. போட்டோன்னா சின்ன படம் தெரியறதோட விடாம முழுசா திறங்க, வீடியோன்னா நடுவுல ஓட்டிப் பாருங்க. பேக்கப்புக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தா அது உங்களைத் தவிர வீட்ல இன்னொருத்தருக்கும் தெரியணும், அதை மறந்தா எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதால நிறைய பேர் இப்ப மெஷின் மாத்தறாங்க, மாத்தற நேரத்துலதான் டேட்டா ரொம்பத் தொலையுது. புதுசுக்கு எல்லாம் வந்துடுச்சுன்னு பழசை அன்னைக்கே ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடாதீங்க, ரெண்டு மாசம் அப்படியே ஒரு மூலைல கிடக்கட்டும், அதுக்குள்ள எது வரலன்னு தெரிஞ்சிடும்.