லேமினேஷன் மட்டும் வேண்டாம்

பழைய நாடக நோட்டீஸ், தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை, அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகம் என்று எதை எடுத்துக்கொண்டு வந்தாலும் பலர் என்னிடம் முதலில் கேட்பது, “லேமினேட் செய்துவிட்டால் பத்திரமாக இருக்கும்தானே?” என்பதைத்தான். இருக்காது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். மரக்கட்டையிலும் லினோ என்ற மெத்தென்ற தகட்டிலும் படம் செதுக்கி அச்செடுப்பதும் உண்டு. இரண்டுக்கும் வித்து நூலகங்கள்தான். பள்ளி நாட்களில் கன்னிமாரா நூலகத்தில் பழைய புத்தகங்களைப் புரட்டும்போது தாளின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பேன். ஈய எழுத்தின் அழுத்தம் விரலில் தட்டுப்படும். முகப்பில் சில சமயம் மரக்கட்டைப் படம் ஒன்று இருக்கும், செதுக்கியவர் பெயர் இருக்காது. அப்படிப்பட்ட படங்களைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். பிறகு நானும் செதுக்க ஆரம்பித்தேன்.

சேகரிப்பில் எனக்கு முன்னோடி கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகங்களோடு நிற்காமல், மற்றவர்கள் எடைக்குப் போடும் நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது நாட்டைவிட்டுப் போகாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமானது. எழுத்தையும் வண்ணத்தையும் கையாண்ட கண் என்பதால்தான் ஒற்றைத் தாளின் அருமை அவருக்குத் தெரிந்தது என்று நான் நம்புகிறேன்.

லேமினேஷனுக்கு வருவோம். மலிவான பழைய தாள்களில் மரக்கூழும் படிகாரமும் இருப்பதால் காலப்போக்கில் அமிலம் பெருகுகிறது. தாள் பழுத்து நொறுங்குவது அதனால்தான். லேமினேஷன் அந்த அமிலத்தை உள்ளேயே அடைக்கிறது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாரோடு ஒட்டிவிடுவதால், பிறகு பிரிக்க முயன்றால் அச்சும் சேர்ந்து உரியலாம். செல்லோடேப்பும் ஏறக்குறைய இதே கொடுமைதான்: நாடா உதிர்ந்துவிடும், பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாக நிற்கும். நாங்கள் மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுச்சத்துப் பசையையும் பயன்படுத்துவது, தேவைப்பட்டால் ஈரம் காட்டித் திரும்ப எடுத்துவிடலாம் என்பதற்காக.

வீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் அகற்றுங்கள். தாளை மடிக்காமல், அமிலமற்ற காகித உறையில் படுக்கையாக வையுங்கள். பிவிசி உறைகளில் அச்சு மை ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை நல்லது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி இருந்தால் நகர்த்திவிடுங்கள்; பூஞ்சையும் பூச்சிகளும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அச்சுப் படம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. ஓரத்தில் பென்சிலால் 3/20 என்று எழுதியிருந்தால், இருபது பிரதிகளில் அது மூன்றாவது என்று பொருள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். கண்ணாடி படத்தின் மேல் படாதபடி இடையில் அமிலமற்ற அட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள், வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள். சட்டம் போடும் கடைக்காரர் பின்னால் சாதாரண அட்டையை வைத்துப் பசை தடவ முனைந்தால் தடுத்துவிடுங்கள்.