அரிதாகிப்போன மரமும் பாட்டை மறந்த பறவையும்

மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பெரிய இலை மகோகனி, தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ரீஜென்ட் தேனுண்ணிப் பறவை. இரண்டுமே அழியும் ஆபத்தில் உள்ளவை. ஆனால் எண்ணிக்கை குறைவது இரண்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிந்த தேனுண்ணிகளில் இன்று மொத்தமே சில நூறுதான் மிச்சம். பாட்டு அவற்றுக்குப் பிறவியிலேயே முழுசாக வந்துவிடாது. கேட்டுத்தான் பழக வேண்டும். அப்பாவிடம் கேட்கலாமே என்றால், குஞ்சு கூட்டில் இருக்கும்போது அப்பா பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. சத்தம் எதிரிக்குக் கூட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, பறக்கத் தொடங்கிய பிறகு அக்கம்பக்கத்து ஆண் பறவைகளிடம்தான் பாடம். அக்கம்பக்கத்தில் யாருமே இல்லையென்றால்? கண்ட கண்ட இனத்தின் பாட்டையும் பிடித்துக்கொள்கிறது. 2021இல் வெளியான ஆய்வில் சுமார் 12 சதவீத ஆண்கள் வேற்றினப் பாட்டையே பாடின. அவற்றுக்கு ஜோடி சேர்வதும் சிரமமாக இருந்தது. குறைந்ததால் பாட்டு போனது, பாட்டு போனதால் இன்னும் குறைகிறது. சூழலியலில் இதற்கு ‘ஆலீ விளைவு’ என்று பெயர்.

மகோகனியோ எப்போதுமே தள்ளித் தள்ளி நிற்கும் மரம். பல இடங்களில் ஹெக்டேருக்கு ஒரு பெரிய மரம்கூடத் தேறாது. அது நல்லதும்கூட: நெருக்கி நட்டால் ஹிப்சிபிலா அந்துப்பூச்சியின் புழு தளிர்நுனியைக் குடைந்து, நேராக உயர வேண்டிய மரத்தைக் கோணலாக்கிவிடும்.

சரி, அப்புறம் என்ன ஆபத்து? எதை வெட்டுகிறார்கள் என்பதுதான். விலை போவது பெரிய மரம்; அதிகம் விதைப்பதும் அதுவே. காய் வெடித்ததும் ஒற்றை இறகுள்ள விதைகள் சுழன்றபடி இறங்கும், பெரும்பாலும் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே. சில மாதங்களில் முளைப்புத்திறன் போய்விடும். முளைத்த நாற்றும் நிழலில் தேங்கிச் சாகும். புயலோ வெள்ளமோ மேலே வெளிச்சத்துக்கு வழி திறந்துவிட வேண்டும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் விதைமரம் இல்லையென்றால் வாய்ப்பு போச்சு. பறவையின் சரிவு சில ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மரத்தின் சரிவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும், ஏனென்றால் எஞ்சிய மரங்கள் கம்பீரமாகத்தான் நிற்கும்.

கூண்டில் வளரும் தேனுண்ணிகளுக்கு இப்போது ஒலிப்பதிவையும் மூத்த ஆண்களையும் வைத்துப் பாட்டு சொல்லித்தருகிறார்கள். மகோகனியை 2002இல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் (அனுமதி இருந்தால்தான் ஏற்றுமதி) கொண்டுவந்தார்கள். வெட்டும் பருமன் எட்டிய மரங்களில் ஐந்தில் ஒன்றை விதைக்காக விட்டுவைக்க வேண்டும் என்பது பிரேசில் கொண்டுவந்த விதி. அது போதுமா என்பது சந்தேகம்தான்: அதே இடத்தில் அடுத்த வெட்டு 25, 30 ஆண்டுகளில் வந்துவிடும், நாற்று அந்தப் பருமனை எட்ட அதைவிட நெடுங்காலம் பிடிக்கும்.