பெயெர்செபா: ஏழு கிணறா, ஆணைத்துரவா?

வேதாகமத்தில் வரும் பெயெர்செபா என்ற ஊர்ப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், "ஏழு கிணறு" என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அதில் கிணறும் சரி, ஏழும் ஓரளவு சரி. இரண்டையும் சேர்த்த விதம்தான் தவறு.

எபிரேயத்தில் இது 'பெஏர்', 'ஷெபா' என்ற இரண்டு சொற்களின் கூட்டு. பெஏர் என்பது நிலத்தடி ஊற்றை எட்டும்வரை தோண்டிய கிணறு. மழைநீரைத் தேக்கி வைக்கும் குழிக்கு அந்த மொழியில் 'போர்' என்று வேறு சொல் இருக்கிறது. யோசேப்பை அவன் சகோதரர்கள் தூக்கிப் போட்டது தண்ணீரில்லாத ஒரு போரில். இஸ்ரவேலரின் முன்னோனான ஆபிரகாம் பெயெர்செபாவில் தோண்டியதோ பெஏர். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மழையே காணும், இஸ்ரேலின் தெற்கிலுள்ள நெகேவ் வறள்நிலத்தின் விளிம்பில் ஆடு மேய்த்தவர்களுக்கு, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர்போகிற வேறுபாடு. ஆபிரகாம் அனுப்பிவிட்ட அடிமைப்பெண் ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் தோல்துருத்தியிலிருந்த தண்ணீர் தீர்ந்து தவித்ததும் இந்தப் பெயெர்செபா வனாந்தரத்தில்தான். இன்றைய நகரத்துக்குக் கிழக்கே உள்ள பழைய ஊர்மேட்டில், கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கிணறு அகழாய்வில் வெளிப்பட்டது. அதன் ஆழம் சுமார் 69 மீட்டர். இரண்டு பனைமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினாலும் அடி எட்டாது.

ஷெபாவில்தான் சிக்கலும் அழகும் சேர்ந்து கிடக்கின்றன. ஷின், பேத், அயின் என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து 'ஏழு' என்ற எண்ணும் பிறக்கிறது, 'ஆணையிடுதல்', அதாவது சத்தியம் செய்தல், என்ற வினையும் பிறக்கிறது. எபிரேயன் சத்தியம் செய்தான் என்று சொல்லும் வினையை உருப்பிரித்துப் பார்த்தால், 'தன்னை ஏழுக்கு உட்படுத்திக்கொண்டான்' என்பதுபோல ஒலிக்கும். எண்ணும் ஆணையும் ஒரே வேரா, தற்செயலாக ஒலி ஒத்த இரண்டு வேர்களா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தைச் சொன்னவர் இரண்டையும் ஒன்றாகவே கேட்டிருக்கிறார்.

21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அரசன் அபிமெலேக்கின் வேலைக்காரர்கள் ஆபிரகாமின் கிணற்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழக்கு பேசி முடிந்ததும், ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே பிரித்து நிறுத்துகிறான். எதற்கு என்று அபிமெலேக்கு கேட்கிறான். இந்தக் கிணற்றைத் தோண்டியவன் நான்தான் என்பதற்குச் சாட்சியாக இவற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் என்கிறான் ஆபிரகாம். குட்டிகள் ஏழு என்று எண்ணிக் காட்டிய கதை, இருவரும் ஆணையிட்டுக்கொண்டதால் அந்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர் வந்தது என்று முடிகிறது. ஐந்து அதிகாரம் தாண்டி, ஆபிரகாமின் மகன் ஈசாக்கின் காலத்திலும் ஓர் ஆணை, ஒரு கிணறு, அதே பெயர்க்காரணம் மறுபடி வருகிறது.

ஏழு கிணறு என்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இலக்கணமே சாட்சி. பெஏர் ஒருமை. ஏழு கிணறுகள் என்றால் 'பெஏரோத்' என்ற பன்மை வந்திருக்க வேண்டும். லெபனானின் பெய்ரூத் நகரம் அந்தப் பன்மையில் பிறந்த பெயர்தான். ஆகவே இது 'ஏழின் கிணறு' அல்லது 'ஆணையின் கிணறு'. அரபு மக்கள் 'பிஃர் அஸ்ஸபா' என்று வழங்கும்போது ஏழு மட்டும் நிற்கிறது. அரபியில் ஆணைக்கு வேறு சொற்கள் என்பதால் அந்த இரட்டை ஒலி அங்கே அவிந்துவிடுகிறது.

இதே வேர் நமக்குப் பழகிய பெயர்களிலும் ஒளிந்திருக்கிறது. எலிசபெத் என்பது எபிரேய 'எலிஷெபா'. என் தேவனே ஆணை என்று பொருள் சொல்வார்கள். தாவீதின் மனைவி பத்சேபாளை ஆணையின் மகள் என்றோ ஏழாம் மகள் என்றோ கொள்ளலாம். சாலொமோனைக் காண வந்த சேபா நாட்டு அரசியை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம். அந்தச் சொல் அயினில் முடிவதில்லை, அலெப்பில் முடிகிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் வரும் மயக்கம் அது. ஏழாம் நாள் என்பதால் யூதர்களின் ஓய்வுநாளான சபாத்தையும் இங்கே இழுப்பார்கள். அதன் வேர் 'ஓய்தல்'. வாரத்தைக் குறிக்கும் 'ஷாவுவா' மட்டும் இந்த வேரின் உண்மையான பிள்ளை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சத்தியக் கிணறு' என்றால் வேதாகமத் தமிழில் சத்தியம் உண்மையைக் குறிக்கும், 'உண்மையின் கிணறு' ஆகிவிடும். ஆணையைக் குறிக்கும் சங்கத் தமிழின் 'சூள்' எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் சூளோடு, கிணற்றைக் குறிக்கும் துரவைப் புணர்த்தினால் 'சூட்டுரவு' ஆகி, வெந்நீர் நினைவுதான் வரும். 'ஆணை' இன்று அரசாணையாகச் சுருங்கி வருகிறது என்றாலும், "அம்மா மேல் ஆணை" என்று சொல்லாத வீடு உண்டா? துரவு என்ற சொல்லும் 'தோட்டம் துரவு' என்ற இணையில் இன்னும் உயிரோடிருக்கிறது. பழைய தமிழ் வேதாகமம் ஆபிரகாமின் கிணற்றைத் துரவு என்றே எழுதுகிறது. எனவே 'ஆணைத்துரவு' என்பதே என் தேர்வு. எந்தத் தமிழ்ச் சொல்லிலும் ஏழு என்ற அந்த எண்ணை ஒளித்து வைக்க முடியவில்லை. விளக்கம் எழுதுகிறவர்கள் அந்த ஏழு ஆட்டுக்குட்டிகளையும் அடிக்குறிப்பில் தனியே நிறுத்தத்தான் வேண்டும்.