டிஎம்ஏ: நினைவக நேரணுகல்

வட்டிலிருந்தோ வலையமைப்பு அட்டையிலிருந்தோ வரும் தரவை மையச் செயலி சிறிது சிறிதாக எடுத்து வைத்துக்கொண்டிராமல், சாதனமோ அதற்கென அமைந்த கட்டுப்பாட்டுச் சில்லோ தானே நினைவகத்தில் எழுதுவதும் அதிலிருந்து படிப்பதுமான முறையே டிஎம்ஏ. ‘டைரக்ட் மெமரி ஆக்சஸ்’ என்பதன் சுருக்கமாகிய இச்சொல், இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குச் சாதன இயக்கி (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதுவோரின் அன்றாட வழக்கில் உள்ளது.

இம்முறைக்கு வேறு பெயர்களும் இருந்தன. 1958இல் பயன்பாட்டுக்கு வந்த ஐபிஎம் 709 கணினியில் இவ்வேலையைச் செய்த உறுப்பு ‘சேனல்’ எனப்பட்டது. 1965இன் பிடிபி-8 கணினியில் இதற்கு ‘டேட்டா பிரேக்’ என்று பெயர். நினைவகத்தை ஒருமுறை அணுகும் காலமாகிய சுற்றொன்றைச் (சைக்கிள்) செயலியிடமிருந்து சாதனம் தட்டிப் பறிப்பதால் ‘சைக்கிள் ஸ்டீலிங்’ என்றும் வழங்கினர். நடப்பதை உள்ளபடி சொல்வது இந்தத் திருட்டுப் பெயர்தான்.

1981இன் ஐபிஎம் பிசியில் இப்பணிக்கு இன்டெல் 8237 சில்லு அமர்த்தப்பட்டது. நினைவக முகவரியைத் தாங்கும் அதன் பதிவகம் 16 பிட் மட்டுமே கொண்டது, அதாவது 64 கேபி வரையே எண்ணவல்லது. மேல் பிட்டுகளைத் தனியான பக்கப் பதிவகம் தாங்கியது, அது தானாக உயராது. எனவே 64 கேபி எல்லைக்கு 256 பைட் முன்னதாகத் தொடங்கும் இடத்தில் நெகிழ்வட்டின் 512 பைட் பகுதியொன்றைப் படிக்கச் சொன்னால், முதற்பாதி சரியாக அமரும். மறுபாதியோ எல்லையைக் கடக்காமல் அதே 64 கேபி தொகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்ததை அழித்துவிடும். இயக்கி எழுதுவோர் இடம் ஒதுக்கும்போதே இவ்வெல்லையைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

தமிழில் ‘நேரடி நினைவக அணுகல்’ என்பது பெருவழக்கு. அண்மை, அண்டை ஆகியவற்றோடு உறவுடைய ‘அணுகு’ பழஞ்சொல். திருக்குறளின் 691ஆம் பாவில் ‘அகலாது அணுகாது’ எனக் கிட்டச் செல்லுதல் என்னும் பொருளில் வருகிறது. படித்தல், எழுதுதல் என்னும் கணினிப் பொருள் பிற்காலத்தில் ஏறியது. இப்போது அது நிலைபெற்றுவிட்டதால் மாற்றத் தேவையில்லை. குறை சொற்களின் வரிசையில் உள்ளது. தமிழில் அடை தன்னை அடுத்து நிற்கும் பெயரைத் தழுவுவதால், ‘நேரடி நினைவகம்’ என ஒருவகை நினைவகம் இருப்பதாகவும் அதை அணுகுவதாகவும் புதியவர் பொருள் கொள்ளக்கூடும். நேரடியாக இருப்பது அணுகலே ஆதலால் ‘நினைவக நேரடி அணுகல்’, சுருக்கமாக ‘நினைவக நேரணுகல்’ என்பதே பொருத்தம்.

அந்த ‘நேர்’ என்பதும் செயலியின் கை படாமல் என்ற அளவில்தான் உண்மை. இன்றைய கணினிகள் பலவற்றில் சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஐஓஎம்எம்யூ என்னும் முகவரி மாற்றி நிற்கிறது. ஆதலால் சாதனத்துக்குத் தரும் முகவரியும் செயலி காணும் முகவரியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

நினைவகப் பகுதியொன்றைச் சாதனத்திடம் தருவதையும் திரும்பப் பெறுவதையும் குறிக்கும் ‘மேப்’, ‘அன்மேப்’ என்னும் கெர்னல் சொற்களுக்குப் ‘பொருத்தல்’, ‘விலக்கல்’ என எழுதுவதைவிட, ‘ஒப்படைப்பு’, ‘மீட்பு’ என்பவை இயக்கியின் கடமையைத் தெளிவாக உணர்த்தும். ஒப்படைத்த பகுதியை மீட்கும்வரை செயலி தொடலாகாது. செயலி கையாளும் தரவின் படியை வைத்திருக்கும் பதுக்கு நினைவகம் (கேஷ்) முதன்மை நினைவகத்தோடு தானாக ஒத்துப்போகாத ஆர்ம் செயலிப் பலகைகளில் இதன் விளைவு கண்கூடு: பதுக்கு நினைவகம் ஓர் அலகாகக் கையாளும் 64 பைட் பதுக்கு வரியொன்றில் சாதனம் நிரப்பும் பகுதியின் கடைசி சில பைட்டுகளும் இயக்கியின் எண்ணி (கவுன்டர்) மாறியும் சேர்ந்து குடியிருந்தால், எண்ணியைச் செயலி ஒன்று கூட்டிய பின் எப்போதாவது அவ்வரி முழுதும் பழைய நிலையிலேயே திருப்பி எழுதப்பட்டு, புதிதாக வந்த தரவை மூடிவிடும். ஆகவேதான் ஒப்படைக்கும் பகுதி பதுக்கு வரியின் எல்லையில் தொடங்கி எல்லையில் முடியவேண்டும் என்பது விதி.

நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகலெடுப்பதையும் இவ்வகைச் சில்லிடம் விடலாம். அதற்கான டிஎம்ஏ எஞ்சின் கட்டமைப்பு 2006இல் வெளிவந்த லினக்ஸ் கெர்னலின் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. பணி விவரத்தை நிரப்பி, வரிசையில் இட்டு, தொடங்கச் சொல்லி, முடிந்த செய்திக்குக் காத்திருக்கும் செலவு சிறு நகலுக்குக் கட்டுப்படியாகாது. இதனால் வலையமைப்பு நெறிமுறையாகிய டிசிபி வழி வரும் தரவை நகலெடுக்க ஒரு கீழ்வரம்பு வைத்திருந்தனர். கெர்னல் ஆவணம் அதன் இயல்பு அளவை 4096 பைட் என்று குறித்தது. அதற்குக் குறைந்ததைச் செயலியே நகலெடுத்தது.